ஈராற்றல் ஊர்தி

பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் மாலை வேளையில் வண்டிகள் ஆமைபோல் ஊர்வதைக் கண்டிருப்பீர்கள். நிற்கும் வண்டியிலும் எஞ்சின் ஓடினால் பெட்ரோல் எரியும், புகை வெளிவரும். இதற்குத் தீர்வு தேடிய நகரங்களுள் நம் பெங்களூருவும் ஒன்று.

2001இல் சேத்தன் மைனி உருவாக்கிய ‘ரேவா’ என்னும் சிறிய மின்மகிழுந்து இங்கு விற்பனைக்கு வந்தது. ஒருமுறை மின்னேற்றினால் அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். அலுவலகம் சென்று திரும்ப அது போதும். ஆனால், பொங்கலுக்குச் சேலம் செல்ல ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடக்க வேண்டுமே!

இச்சிக்கலுக்கு ஒரு விடையே ‘ஹைபிரிட்’ ஊர்தி. இதில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து உழைக்கும். வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாக மாறி மின்கலத்தில் சேரும். பெங்களூருவை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் 2013 முதல் கேம்ரி ஹைபிரிட் தயாரானது. 2022இல் இன்னோவா ஹைகிராஸ் அறிமுகமானது. இவற்றை வெளியிலிருந்து மின்னேற்ற இயலாது.

‘பிளக்-இன் ஹைபிரிட்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இதன் மின்கலம் பெரியது, வீட்டிலேயே மின்னேற்றலாம். 2013இல் ஜப்பானில் வெளிவந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் இவ்வகையைச் சேர்ந்த எஸ்.யூ.வி. ஊர்தியாகும். எஸ்.யூ.வி. உயரமானது, குடும்பமும் மூட்டை முடிச்சுகளும் தாராளமாக அடங்கும். எடை மிகுதியாதலால் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். அதில் மின்னாற்றலைச் சேர்த்தால், நாள்தோறும் செல்லும் குறுந்தொலைவைப் பெட்ரோலின்றியே கடக்கலாம். மின்கலம் தீர்ந்தாலும் அச்சமில்லை; எஞ்சின் ஊர்வரை கொண்டு சேர்க்கும். மக்களை இது கவர்வதற்குக் காரணம் இதுவே.

எனினும், இரண்டு அமைப்புகள் இருப்பதால் விலை கூடுகிறது. மின்னேற்றாமலே ஓட்டினால் பெரிய மின்கலம் வெறும் சுமையாகிவிடும். பெட்ரோலும் மிகுதியாக எரியும். அப்போது விளம்பரத்தில் அச்சிட்ட மைலேஜ் கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காயே! ஆகவே, ஊர்தியின் பயன் அதன் பொறியில் மட்டுமன்று, அதனைப் பயன்படுத்துவோரின் பழக்கத்திலும் இருக்கிறது.

உங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் மின்னேற்றும் வசதி உள்ளதா? உங்கள் குடும்பம் நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்கிறது? பெற்றோரிடம் கேட்டறிந்து, உங்களுக்கு ஏற்ற ஊர்தி எது என்பதைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.