ப்ரூஸ்டர் ரோடு டாக்டர்

பேராக்கில் தமிழ் வீடுகளில் ஒரு டாக்டரைப் பற்றி விசாரிக்கும்போது யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை. “கைராசி எப்படி?” என்பதுதான் முதல் கேள்வி. எங்கே படித்தார், எத்தனை வருடம் படித்தார் என்பதெல்லாம் சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். அவர் தொட்டால் காய்ச்சல் இறங்குமா, பிள்ளை இன்றைக்கு ராத்திரி தூங்குமா? தூங்கும் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும். இரண்டு பஸ் மாறி, வெயிலில் காத்துக் கிடந்தாவது அவரிடம்தான் போவார்கள். அப்படிப்பட்டவர் கண்ணை மூடினால் துக்க வீட்டு வாசலில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இனி அந்தக் கைராசி யாருக்கு வரும்?”

அந்தக் கேள்வியோடு ஈப்போவின் பழைய ப்ரூஸ்டர் சாலைக்குப் போகலாம். இன்று அதன் பெயர் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. அங்கே 141ஆம் எண்ணில் 1926 முதல் ஜப்பானியர் வரும்வரை ஒரு தமிழ் டாக்டரும் தாதியான அவர் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். மனைவியின் பெயர் நாடறிந்தது: சிபில் கார்த்திகேசு. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 2016 செப்டம்பர் 3ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. டாக்டரின் பெயரைச் சொன்னாலோ, “யார், சிபிலின் வீட்டுக்காரரா?” என்று கேட்கிறோம். பேர் பெற்ற பெண்ணின் கணவராக நினைவில் நிற்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் யார் என்று தெரிந்தால்தான் சிபில் செய்த காரியத்தின் வேர் எங்கே என்றும் தெரியும்.

டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு 1892இல் தைப்பிங்கில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. சிபில் டேலி 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். அப்பா ஐரிஷ் வழி வந்த யுரேசியர், தோட்டத் துரை. அம்மா பிரெஞ்சு வழி வந்த யுரேசியர், மருத்துவச்சி. மதம் வேறு என்பதால் பெண் வீட்டில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. ஆறுமுகம், அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு ஆனார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிறந்த தலைப்பிள்ளை மைக்கேல் 19 மணி நேரம்தான் உயிரோடிருந்தான். அப்பா டாக்டர், அம்மா பயிற்சி பெற்ற மருத்துவச்சி, பாட்டியும் மருத்துவச்சி. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கிய குடும்பம் அது. தன் பிள்ளையை ஒரு நாள்கூட முழுதாக வைத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1921இல் ஓல்காவும் 1936இல் டோனும் பிறந்தார்கள்.

சிபிலுக்குக் கண்டோனிய மொழி தண்ணீர் பட்ட பாடு. டாக்டருக்கு ஹக்காக்காரர்கள் ‘யூ லோய் டே’ என்று ஒரு செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். வாய்க்கு வராத பெயரைச் சுருக்குவது வேறு, தங்கள் மொழியிலேயே ஒரு பெயர் கொடுப்பது வேறு. ஈயச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு தமிழ் டாக்டர் சீனர் வீடுகளுக்கு வேண்டியவரானதற்கு அந்தப் பெயரே சாட்சி.

டவுன் டாக்டருக்கு அந்தக் காலத்தில் என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் தோட்டத்து வைத்தியத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும். ரப்பர் வந்ததும் குன்று குன்றாகக் காட்டை வெட்டினார்கள். நிழலில் ஓடிக்கொண்டிருந்த ஓடைகள் மேல் வெயில் விழுந்தது. மலாயாவின் கொடிய மலேரியாக் கொசுக்களில் ஒன்று முட்டையிடுவது சாக்கடையில் அல்ல. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான். காட்டை வெட்டிய கையே கொசுவுக்கும் தொட்டில் கட்டிக் கொடுத்தது. கிள்ளான் பக்கம் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கிக் காட்டினார். பிறகுதான் நிலத்தடிக் குழாய் பதிப்பதும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் தோட்டங்களில் ஒரு வேலையாகவே ஆயின. அதற்குள் எத்தனையோ பேர் பால்மரத்துக்கு உரமாகிவிட்டார்கள்.

மற்றபடி தோட்டத்து வைத்தியம் என்றால் கொயினாதான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் வரிசையாகக் கொயினா கொடுப்பார்கள். கசப்பு தாங்காமல் லயத்துப் பக்கம் போய்த் துப்பிவிடக் கூடாதே என்று, கண் முன்னாலேயே விழுங்க வைப்பார்கள். கொடுக்கிறவர் டிரெசர். அவர் டாக்டர் இல்லை. ஆனால் வெட்டுக்காயம், பாம்புக்கடி, பேறுகாலச் சிக்கல் எதுவானாலும் முதலில் ஓடுவது அவர் வீட்டுக்குத்தான். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். டிரெசருக்குப் பிடிபடாத நோய் என்றால் டவுனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டிரெசரையும் அவருக்கு உதவிய ஆயாவையும் இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் கற்றது பெரும்பாலும் இன்னொருவர் கையைப் பார்த்துத்தான். ஊசியை எந்தச் சாய்வில் ஏற்றுவது, சீழ் பிடித்த புண்ணை எவ்வளவு ஆழம் கீறுவது என்பதற்கெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த கண்தான் பாடப் புத்தகம். ஒரு நல்ல டாக்டரின் மேசைக்குப் பக்கத்தில் பத்து வருடம் நின்றவருக்கு அந்தப் பக்குவம் தானாக வந்துவிடும். ப்ரூஸ்டர் சாலையில் சிபில் நின்றது 15 வருடம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கியபோது குடும்பம் ஈப்போவை விட்டுக் கிளம்பியது. போன இடம் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பாப்பான் என்ற சின்ன ஈயச் சுரங்க ஊர். மலாயில் ‘பாப்பான்’ என்றால் பலகை. மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீட்டில் கிளினிக் திறந்தார்கள். அங்கே பெரும்பாலும் நோயாளிகளைப் பார்த்தவர் சிபில். பக்கத்தில் நின்று பார்த்த கைக்கு இப்போது முழு வேலை.

காலமோ படு மோசம். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு மாதம் ஒரு மதிப்பு. கொயினா கிடைக்காமல் மலேரியா திரும்பி வந்தது. தின்ன வழியில்லாத உடம்பில் சின்னச் சிராய்ப்பும் ஆறாத புண்ணாயிற்று. தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் அங்கேயே மண்ணானவர்கள் பல்லாயிரம்.

அந்த வீட்டில் பகலில் ஊராருக்கு வைத்தியம் நடந்தது. இரவில் கொல்லைப் பக்கமாக வேறு ஆட்கள் வந்தார்கள். காட்டிலிருந்த ஜப்பான் எதிர்ப்புப் படையினர். அவர்களுக்கும் மருந்தும் கட்டும் கிடைத்தன. செய்தியும் கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே தரையில் ஒரு குழி. அதற்குள் ஒரு சிற்றலை ரேடியோ. வைத்திருப்பது தெரிந்தால் தலை போகும். அதனால் வீட்டார் அதற்கு ‘ஜோசஃபின்’ என்று பெண் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். இரவில் ஜோசஃபின் லண்டன் செய்தியைச் சொல்லும். விடிந்தால் அந்தச் செய்தி மருந்துப் பொட்டலத்தோடு சேர்ந்து காட்டுக்குப் போகும்.

1943இல் எல்லாம் வெளியே வந்தது. டாக்டரையும் சிபிலையும் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் பிடித்துக்கொண்டு போனது. சிபிலுக்கு அடி, உதை, வயிறு புடைக்கத் தண்ணீர் ஏற்றும் வதை. தாடையில் விழுந்த பூட்ஸ் உதை ஒன்று பிற்பாடு உயிரையே வாங்கியது. சின்னஞ்சிறு மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. டாக்டரும் வதைகளைத் தாங்கினார். போர் முடியும்போது சிபில் பத்து காஜா சிறையில் இருந்தார். வெளியே வந்தவரால் நடக்க முடியவில்லை.

அதே ஈப்போவில் அப்போது இன்னொரு டாக்டரும் இருந்தார். 1910இல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் கட்டச் சொல்லி நோயை மடக்கிய வூ லியன் தே. பினாங்கில் பிறந்தவர். 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண கிளினிக் டாக்டராக உட்கார்ந்தார். 1943இல் எதிர்ப்புப் படைக்காரர்களே அவரைப் பிடித்து வைத்துப் பணம் கேட்டார்கள். பணத்தைக் கொடுத்து மீண்டால், எதிரிக்குப் பணம் கொடுத்தாய் என்று ஜப்பானியர் விசாரணைக்கு இழுக்கப் பார்த்தார்கள். முன்பு ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அவர் வைத்தியம் பார்த்திருந்தார். அதுதான் காப்பாற்றியது. ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே தொழில். ஒருவர் செய்த வைத்தியம் அவரைக் காத்தது. இன்னொரு குடும்பத்தை அதே வைத்தியம் சிறைக்கு அனுப்பியது. யாருடைய உடம்பு என்று பார்க்காமல் மருந்து கொடுப்பவருக்கு அந்தக் காலம் வைத்திருந்த இரண்டு கூலி இவை.

சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்ட சிபில் அங்கே தன் கதையை எழுதத் தொடங்கினார். துணிச்சலுக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் இறந்தார். முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம். 1949இல் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து, தம்பதியர் வைத்தியம் பார்த்த அதே ப்ரூஸ்டர் சாலையிலுள்ள கத்தோலிக்கக் கல்லறையில் புதைத்தார்கள். நூல் 1954இல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் வந்தது.

அவர் இறந்த அதே ஜூன் மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். காட்டிலிருந்தவர்கள் இப்போது பயங்கரவாதிகள். அவர்களுக்கு மருந்து கொடுத்ததற்காக ஒரு பெண்ணின் நெஞ்சில் பதக்கம் குத்திய அரசு, இனி ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் குற்றம் என்றது. இப்படிப்பட்ட வீட்டை நினைவுகூர ஊருக்கு நெடுநாள் தயக்கம் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. சிபிலின் வீரத்தையாவது பதக்கத்தோடு சேர்த்துப் பேச முடிந்தது. உயிரோடு மீண்ட டாக்டரின் பெயர் பின்னுக்குப் போயிற்று. நாள்தோறும் நாடி பிடித்துப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையில் கதையாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இப்போது துக்க வீட்டுக் கேள்விக்கு வரலாம். கைராசி என்பது ஆளோடு பிறந்து ஆளோடு போவது என்று நம்புகிறோம். அதனால்தான் நல்ல டாக்டர் ஒருவர் போனால் அநாதையானதுபோல் அழுகிறோம். ஆனால் கைராசி என்று நாம் பேர் வைத்ததில் முக்கால்வாசி கைப்பக்குவம். பொறுமையாகக் கேட்பது, தொட்டுப் பார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேலே அனுப்புவது. இதைச் சொல்லிக் கொடுக்கலாம். இந்த நாட்டில் அதை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் டாக்டர் எம்.கே. ராஜகுமார். மலாக்காக்காரர். கோலாலம்பூரில் சாதாரண மக்களுக்குக் கிளினிக் நடத்தியவர். தெருமுனை டாக்டருக்கும் தனிப் படிப்பு, தனிப் பயிற்சி வேண்டும் என்று 1973இல் பொது மருத்துவர்களுக்கான கல்லூரியை உருவாக்கியவர்களில் முன்னவர். 1986 முதல் 1989 வரை உலகக் குடும்ப மருத்துவர் அமைப்புக்கே தலைவராக இருந்தார். 2008இல் அவர் மறைந்தபோது நோயாளிகளோடு சேர்ந்து டாக்டர்களும் தங்கள் வாத்தியாரை இழந்தார்கள்.

பேராக்கில் பல தோட்டங்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். லயங்களோடு தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் போயின. டிரெசரின் கொயினா போத்தலை இனி அருங்காட்சியகத்தில்தான் தேட வேண்டும். தோட்டத்துப் பேரப் பிள்ளைகள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே நாடி பிடிக்கும் கைக்கு யார் யாருடைய பக்குவம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பாப்பானில் இப்போது ஆள் நடமாட்டம் குறைவு. கடைவீட்டுச் சுவர்களைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன. 74ஆம் எண் வீட்டை மட்டும் பாரம்பரிய ஆர்வலர்கள் நினைவிடமாகக் காத்தார்கள். வருகிறவர்கள் நேராக மாடிப்படிக்குப் போய், குனிந்து, ஜோசஃபின் இருந்த குழியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். நிமிர்ந்த பிறகு, சிபில் மருந்து கொடுத்த இடத்திலும் ஒரு நிமிஷம் நிற்கலாம். ப்ரூஸ்டர் ரோடு டாக்டரின் மேசைப் பக்கத்தில் பழகிய கைதான், டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும், அங்கே புண் கழுவிக் கட்டுப் போட்டது.