கைமாறிய ஏடு

நாட்குறிப்பு என்பது எழுதுவோர் தமக்கென எழுதி, பிறர் கண்படாது வைத்துக்கொள்வது. அதனைப் பிறர் படிக்கட்டும் என்றே ஒருவர் பொதுவிடத்தில் விட்டுச் சென்றால் என்னாகும்? ஆங்கில எழுத்தாளர் கிளேர் பூலி 2020இல் வெளியிட்ட 'தி ஆத்தென்டிசிட்டி புராஜெக்ட்' என்னும் நாவல் இவ்வினாவினின்றே பிறக்கிறது. தனிமைத் துயர் களைவதற்கென 2018இல் அமைச்சர் ஒருவரையே அமர்த்திய நாடு பிரிட்டன் என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

கதைக்களம் லண்டன் மாநகரின் புல்ஹாம் பகுதி. 79 வயது ஓவியர் ஜூலியன் ஜெசப், மனைவி மேரி இறந்தபின் தம்மை ஏறிட்டுப் பார்ப்பாரும் இலர் எனப் பச்சைநிற ஏடொன்றில் எழுதி, மோனிகா என்பாளின் காப்பிக்கடையில் வைத்துவிட்டுப் போகிறார். தம் வாழ்வைப் பற்றி எல்லாரும் பொய்யே உரைக்கின்றனர். உண்மையை எழுதினால் என்ன என்பது அவர் கேள்வி. ஏட்டைப் படித்த மோனிகா, தன் கடையில் ஓவியம் கற்பிக்க ஆசிரியர் தேவை என விளம்பரம் ஒட்டி அம்முதியவரை வெளியே வரவழைக்கிறாள். பின்னர் அது மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையான ஹேசார்டிடம் சேர்ந்து, அவனுடன் தாய்லாந்து செல்கிறது. ரைலி என்னும் ஆஸ்திரேலிய இளைஞனின் பையில் ஏறி லண்டன் திரும்புகிறது. இன்ஸ்டாகிராமில் என்றும் புன்னகைக்கும் இளந்தாய் ஆலிஸுக்கும் கிட்டுகிறது. அவள் படங்களைக் காண்போர் மிகப்பலர். அவள் அழுகையைக் காண்பார் இலர்.

உண்மையை எழுதுமாறு பிறரைக் கேட்ட ஜூலியனே பொய் எழுதியவர் என்பது நாவலின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. மேரி இறந்தவள் அல்லள். அவரைப் பிரிந்து சென்றவள். இறப்பு என்றால் உலகம் இரங்கும். பிரிவு என்றால் காரணம் கேட்கும். அக்கேள்விக்கு அஞ்சியே அவர் பொய்யினுள் ஒளிந்தார். இப்பகுதியைப் படித்தபோது, முன்னொரு பருவத்தில் நான் திருத்திய கட்டுரை ஏடு ஒன்று நினைவில் எழுந்தது. தன் தந்தை வெளிநாட்டில் பணிபுரிவதாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். அவர் குடும்பத்தை விட்டு அகன்று ஆண்டுகள் பல ஆயின என்பதைப் பின்னரே அறிந்தேன். அக்கட்டுரையில் அன்று நான் கண்டவை ஒற்றுப்பிழைகள் மட்டுமே.

நாவலில் குறையே இல்லை என்பதற்கில்லை. ஏடு வேண்டியவர் கையிலேயே வேண்டிய வேளையில் விழுவது, தற்செயல் என்பதன் மேல் ஆசிரியர் வைத்த அளவிறந்த நம்பிக்கை. ஆயினும், ஹேசார்டு குடியினின்று மீள முயலும் பகுதிகளில் அத்தளர்ச்சி இல்லை. பூலி தாமே அப்பழக்கத்திலிருந்து மீண்டவர். அவ்வனுபவத்தை முதலில் பெயர் மறைத்து இணையத்தில் எழுதினார். 2017இல் 'தி சோபர் டைரீஸ்' என்னும் நூலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார்.