நியமனக் கடிதம் முதல் முதல் மாத ஊதியம் வரை: புதிய பணியாளர்கள் கவனிக்க வேண்டியவை

பங்காருபேட்டை: கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் இருந்து பங்காருபேட்டை வழியாக பெங்களூரு செல்லும் ரயில்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். இவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், இக்குடும்பங்களின் பிழைப்பு பெங்களூருவை நம்பியே உள்ளது.

பலருக்கு ஒப்பந்ததாரர் மூலமாகவே வேலை கிடைக்கிறது. ஒப்பந்ததாரர் மாறும் ஒவ்வொரு முறையும் அவர்கள் மீண்டும் புதிய பணியாளர் ஆகின்றனர். சேர்க்கையின்போது நேரும் சிறு பிழையும் பிற்காலத்தில் வைப்பு நிதியையும் மருத்துவ உதவியையும் பாதிக்கக்கூடும்.

நியமனக் கடிதம் கட்டாயம்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி, பணியில் சேருபவருக்கு நியமனக் கடிதம் வழங்குவது நிறுவனத்தின் கடமை. பதவி, ஊதியம், பணியில் சேர்ந்த தேதி, வேலை அளிப்பவரின் பெயர் ஆகியவை அதில் தெளிவாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் எனில், தம்மை நியமிப்பது எந்த ஒப்பந்ததாரர் என்பதை அறிந்துகொள்வது அவசியம். அவர் ஊதியம் வழங்கத் தவறினால், முதன்மை நிறுவனமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

முதல் நாள் அறிமுகத்தின்போது பணி நேரம், விடுப்பு, பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதன் உறுப்பினர்கள் யார் என்பதைப் பெண்கள் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. சான்றிதழ்களின் நகல்களை அளித்தால் போதும். அசல்களை ஒப்படைக்க வேண்டாம்.

பெயரில் வேறுபாடு கூடாது

தங்கவயல் தொழிலாளர்கள் 1930-ஆம் ஆண்டு கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அப்பதிவைத் தங்களைக் கட்டுப்படுத்தும் கருவியாக அவர்கள் கருதினர். இன்றோ தொழிலாளர் தமது சேமிப்பைப் பெறுவதற்கே ஆதார் வழி அடையாளம் தேவைப்படுகிறது.

வருங்கால வைப்பு நிதிக்கான 12 இலக்கப் பொதுக் கணக்கு எண்ணை (யுஏஎன்) முதன்முறையாகப் பெறுவோர், 2025 ஆகஸ்ட் 1 முதல் உமங் செயலியில் முகச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஏற்கெனவே எண் உள்ளவர்கள் அதையே புதிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். இரண்டாவது எண் பெறக் கூடாது.

தமிழர்கள் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுவது வழக்கம். ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்தும், மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரும் இருப்பது சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இல்லாவிட்டால், பணத்தைத் திரும்பப் பெறும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். எனவே வேலையில் சேரும் முன்பே திருத்தங்களை முடித்துக்கொள்வது நல்லது.

ஊதியக் கணக்கு

வருங்கால வைப்பு நிதித் திட்டம் 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் (இஎஸ்ஐ) 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். இஎஸ்ஐ திட்டத்தில் மாத ஊதிய வரம்பு ரூ.21,000 ஆகும்.

எடுத்துக்காட்டாக, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ஒருவர் மாதம் ரூ.15,000 பெறுகிறார் எனக் கொள்வோம். வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக ரூ.1,800, இஎஸ்ஐ திட்டத்துக்கு 0.75 சதவீதமாக ரூ.113 பிடித்தம் செய்யப்படும். கைக்கு வருவது ரூ.13,087. கர்நாடகத்தில் தொழில் வரி மாதம் ரூ.25,000 முதல் ஊதியம் பெறுவோருக்கே பொருந்துவதால், இவருக்கு அது இல்லை.

நிறுவனமும் தன் பங்காக வைப்பு நிதிக்கு ரூ.1,800 செலுத்த வேண்டும். அதில் ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்லும். இஎஸ்ஐ திட்டத்தில் நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். இவ்விரு தொகைகளையும் தொழிலாளரின் ஊதியத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

படிகளைக் கூட்டி அடிப்படை ஊதியத்தைக் குறைத்துக் காட்டும் வழக்கத்துக்கும் புதிய சட்டத் தொகுப்பு வரம்பு விதித்துள்ளது. படிகள் மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும்.

முதல் மாதத்திலேயே சரிபார்க்க வேண்டும்

மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், வைப்பு நிதி, இஎஸ்ஐ பங்களிப்புகளை 15-ஆம் தேதிக்குள்ளும் செலுத்த வேண்டும் என்பது விதி. ஊதியச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டிருப்பதால் மட்டுமே பணம் கணக்கில் சேர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. 15-ஆம் தேதிக்குப் பின் வைப்பு நிதிக் கணக்கேட்டை இணையத்திலோ உமங் செயலியிலோ பார்த்து, இரு தொகைகளும் ஒத்துப்போகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

தொகை வரவில்லை எனில், வைப்பு நிதி அமைப்பின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் அளிக்கலாம். அதற்கு நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகிய மூன்றும் சான்றாகும். ஒப்பந்ததாரர் மாறிய பிறகு இவற்றைத் தேடிப் பெறுவது கடினம் என்பதால், முதல் மாதத்தில் இருந்தே பாதுகாத்து வைப்பது அவசியம்.