கூடின ஸ்பீட் எடுத்தால் லாக் போகுமா?

நோட்ர்-டாம் தீவிலுள்ள ஜில் வில்நெவ் ஓடுதளம் நமது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதிக்குத் தூரமில்லை. ஹென்றி-பூராசா மெற்றோவில் ஏறி, பெரி-யூகாமில் மஞ்சள் தடத்துக்கு மாறி, ஜான்-ட்ராப்போவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1978 முதல் கனடாவின் ஃபார்முலா வன் பந்தயத்துக்கு வீடு அதுதான்.

அதே ஓடுதளம் இன்று நம் வாலிபரின் திரையிலும் இருக்கிறது. எஃப்1, ஐரேசிங் போன்ற விளையாட்டுகளில் அதன் வளைவுகள் மட்டுமல்ல, கடைசி வளைவில் நிற்கும் ‘சாம்பியன்களின் சுவரும்’ வருகிறது. 1999 பந்தயத்தில் டேமன் ஹில், மைக்கேல் ஷூமாக்கர், ஜாக் வில்நெவ் ஆகிய மூன்று உலகச் சாம்பியன்களும் அதில் மோதியதால் வந்த பெயர் அது.

நம் வீடுகளில் அந்தச் சுவரில் மோதுகிறவர்கள் சொல்லும் காரணம் வேறு: “நான் பிழை விடேல்லை, லாக் அடிச்சது.” அதற்கு அடுத்த வரி: “அப்பா, கூடின ஸ்பீட் எடுங்கோ.” மாதம் 30 டொலர் கூடினால் வருடத்துக்கு 360 டொலர், வரி வேறு. கேட்கிறவருக்கு அது ஒரு சொல். இரவு வேலைக்குப் போய்வருகிற அப்பாவுக்கு அது பல மணி நேர உழைப்பு. ஆகையால் கேட்பதற்கு முன்பும், மறுப்பதற்கு முன்பும், இரு தரப்பும் அறிய வேண்டியவை சில உண்டு.

வேகம் வேறு, தாமதம் வேறு

நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது மெகாபிட் கணக்கு. அது வீதியின் அகலம் போன்றது. நெடுஞ்சாலை 40-இல் இன்னும் நாலு தடம் போட்டால் ஒரே நேரத்தில் கூட வாகனம் போகும். ஆனால் வெறும் வீதியில் தனியே போகிற ஒரு மோட்டார் சைக்கிள் அதனால் முந்திப் போய்ச் சேராது.

பந்தய விளையாட்டு அனுப்புவது அந்த மோட்டார் சைக்கிளைத்தான். உங்கள் கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற சிறு சிறு செய்திகள். இவற்றுக்குப் பொதுவாக ஒரு மெகாபிட்டே அதிகம். கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி, வீடுகளுக்கான அடிப்படை இணையச் சேவையாக 2016 டிசம்பரில் வகுத்த அளவு பதிவிறக்கத்துக்கு 50 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 10 மெகாபிட். காரோட்ட அது தாராளம்.

பெரிய வேகம் உதவும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டை முதன்முதலில் இறக்கும்போது 100 ஜிகாபைட் வரை போகலாம். 50 மெகாபிட் இணைப்பில் அதற்குச் சுமார் நாலரை மணி நேரம் பிடிக்கும். 500 மெகாபிட்டில் அரை மணிக்குள் முடியும். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது தயார். வருடத்தில் சில இரவுகளுக்காக மாதாமாதம் காசு கட்டுவதா என்று யோசிக்க வேண்டும்.

பந்தயத்தில் முக்கியமானது ‘பிங்’. உங்கள் வீட்டிலிருந்து செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் அது, மில்லிசெக்கனில் சொல்வார்கள். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு செக்கனில் 83 மீற்றர் போகும். 20 மில்லிசெக்கனில் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட. 100 மில்லிசெக்கனில் 8 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கார் நீளம்.

உங்கள் லாக், அயலானின் விபத்து

செய்தி வரப் பிந்தினால் விளையாட்டு சும்மா நிற்பதில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து, கார் இப்போது இங்கே இருக்கும் என்று ஊகித்து மற்றவர்களின் திரையில் காட்டும். பிறகு உண்மையான செய்தி வந்ததும் காரைச் சரியான இடத்துக்குத் தூக்கிப் போடும். பக்கத்தில் ஓடுகிறவருக்கு உங்கள் கார் துள்ளுவதுபோலத் தெரிவது இதனால்தான். சில வேளை அவருடைய காருக்கு மேலேயே வந்து விழும்.

ஆகவே சராசரி பிங்கை மட்டும் பார்க்கக் கூடாது. அது எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தை ‘ஜிட்டர்’ என்பார்கள். எப்போதும் 60-இல் நிற்கும் இணைப்பு, 20-க்கும் 150-க்கும் இடையில் குதிக்கும் இணைப்பைவிட நல்லது. அனுப்பிய செய்திகள் வழியில் தொலைந்து போவது இன்னும் மோசம். ஐரேசிங்கிலும் கிரான் டூரிஸ்மோவிலும் மோதுகிறவர்களுக்கு மதிப்பெண் குறையும். ஆனால் உங்கள் லாக்கினால் சுவரில் போய் முடிகிறவர், முக்கால் மணி நேரம் கவனமாக ஓட்டிக்கொண்டு வந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை. இணைப்பு மோசமாக இருக்கும் நாளில் பந்தயத்தில் சேராமல் தனியே பயிற்சி எடுப்பதும் அயலானுக்குச் செய்யும் மரியாதைதான்.

எந்தக் காசுக்கும் குறையாத தூரம்

ஃபைபரில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். ரொறன்ரோ 500 கிலோமீட்டர் என்றால், போய்வர 5 மில்லிசெக்கன். லண்டன் 5,200 கிலோமீட்டர், போய்வர 52. யாழ்ப்பாணம் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 130. கேபிள்கள் நேராகப் போவதில்லை, வழியில் பல இடங்களில் நின்று மாறவும் வேண்டும். ஆகையால் உண்மையான பிங் இவற்றைவிடக் கூடத்தான் இருக்கும்.

மொன்றியலின் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அமேசான் 2016-இலும் கூகுள் 2018-இலும் தங்கள் கணினி மையங்களை மொன்றியல் வட்டாரத்தில் திறந்துவிட்டன. விளையாட்டில் சேர்வரைத் தெரிவு செய்ய இடமிருந்தால் கிட்ட உள்ளதை எடுங்கள். ஊரிலுள்ள மச்சானுடன் ஓட ஆசை என்றால், பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை விட்டு, தனித்தனியே ஓடி யாருடைய சுற்று நேரம் குறைவு என்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிங் தடையில்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும் மறுமுனையில் கோளாறு வரலாம். 2023 ஜனவரியில் இணையவழி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிய மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கே சேர்வர் தொடர்பு அறுந்து போனது. உலகச் சாம்பியனுக்கும் வராத உத்தரவாதம் நமக்கு வராது.

முதலில் வீட்டுக்குள் பாருங்கள்

அஹுன்ட்சிக் பக்கத்துப் பழைய டூப்ளெக்ஸ்களில் மொடெம் ஒரு மூலையில், விளையாடும் அறை இன்னொரு மூலையில், இடையில் தடித்த சுவர்கள். கார்ட்டியர்வில்லின் மாடிக் குடியிருப்புகளில் உங்கள் தொலைபேசியைத் திறந்தால் அயல்வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். எல்லாம் ஒரே காற்றைப் பங்குபோடுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இந்த நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. லாக்குக்குக் காரணம் பல வீடுகளில் இங்கேயே இருக்கிறது.

இதற்கு மலிவான மருந்து ஒரு ஈதர்நெட் வயர். ரவுட்டரிலிருந்து விளையாடும் பெட்டிக்கு நேரே இழுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு மாறி, ரவுட்டரைக் கிட்டக் கொண்டு வாருங்கள்.

பிறகு சோதியுங்கள். இரவு 9 மணிக்கு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், பிங்கையும் ஜிட்டரையும் வைஃபையில் ஒரு தடவை, வயரில் ஒரு தடவை எழுதி வையுங்கள். அடுத்து, அம்மா யாழ்ப்பாணத்துக்கு வீடியோவில் கதைக்கும்போதோ, அக்கா பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றும்போதோ இன்னொரு தடவை பாருங்கள். அப்போது மட்டும் பிங் பாய்ந்தால், பதிவேற்றும் பாதையில் செய்திகள் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். சில ரவுட்டர்களில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு உண்டு. ‘க்யூஓஎஸ்’ என்ற பெயரில் தேடுங்கள். அம்மாவின் அழைப்பை நிறுத்தச் சொல்வது மருந்தல்ல.

எந்தக் கம்பி, யாருடைய கம்பி?

வீட்டுக்குள் எல்லாம் சரி, இன்னும் லாக் என்றால்தான் இணைப்பை மாற்றும் கேள்வி வருகிறது. தாமதம் குறைவாகவும் ஆடாமலும் இருப்பதில் வீடுவரை வரும் ஃபைபர் முதலிடம். அடுத்தது தொலைக்காட்சிக் கேபிள்; அதில் ஒரு பகுதியை அயலவருடன் பகிர்வதால் மாலையில் ஆடக்கூடும், பதிவேற்ற அளவும் பெரும்பாலும் குறைவு. பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி அதற்கும் கீழே. 5ஜி வீட்டு இணையமும் செய்மதி இணையமும் வயர் வராத இடங்களுக்கு நல்லவை. வயர் இருக்கும் இடத்தில் பந்தயத்துக்கு அவற்றை எடுக்க வேண்டியதில்லை.

இங்கு பெரும்பாலும் கேபிள் வீடியோட்ரோனுடையது, ஃபைபர் பெல்லுடையது. சிறிய பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம்: ஃபிஸ் வீடியோட்ரோனின் இன்னொரு பெயர்; ஈபாக்ஸை 2022-இல் பெல் வாங்கிவிட்டது. வேறு சிறு நிறுவனங்களும் பெரியவற்றின் கம்பியையே வாடகைக்கு எடுத்து விற்கின்றன. ஆகவே மலிவான பெயரில் அதே கம்பி கிடைக்கலாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் விலாசத்தில் ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா, அல்லது கட்டடத்தோடு நின்று மிச்சத் தூரம் செப்பா? பதிவேற்ற அளவு எவ்வளவு? சலுகை முடிந்த பின் மாதக் கட்டணம் எவ்வளவு?

கையெழுத்துக்கு முன்

ஜூலை 1 வீடு மாறும் நாளை ஒட்டிச் சலுகைகள் நிறைய வரும், அவசரம் வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்குச் சிஆர்டிசியின் இணையக் கோவை 2020 ஜனவரி 31 முதல் பொருந்துகிறது. இடையில் முறித்தால் கட்டணம் உண்டு என்ற ஒப்பந்தங்களுக்குக் குறைந்தது 45 நாள் பரீட்சைக் காலம் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த நாட்களில் இரவு 9 மணிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நிறுவனத்தோடு பேசியும் தீராத முறைப்பாட்டை சிசிடிஎஸ் என்ற அமைப்பு இலவசமாக விசாரிக்கும். ஒப்பந்தத்தை முறிக்கும் கட்டணத்துக்குக் கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் எல்லை வைத்திருக்கிறது.

இனி, வாலிபரே, உங்களிடம் தனியே ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பலவற்றில் பிரெஞ்சு ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். நிறுவனத்துக்கு அழைத்தால் ஸ்பீக்கரில் வரும் குரலை அப்பாவுக்குத் தமிழில் சொல்கிறவரும் நீங்கள்தான். இணைப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே ஆள். ‘50 மெகாபிட் போதும்’ என்று எதிர்முனை சொன்னதை விட்டுவிட்டு, ‘கூடினதுதான் நல்லதாம்’ என்று சொல்வது எவ்வளவு இலகு! சலுகை ஒரு வருடத்தில் முடியும் என்ற வரியைத் தாண்டிப் போவது அதைவிட இலகு. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பதின்மூன்றாம் மாதத்துப் பில் வரும்வரை.

கொஞ்சத்தில் உண்மையாய் இருப்பதைப் பற்றி நம் ஆண்டவர் லூக்கா 16-இல் பேசுகிறார். அதற்கு இரண்டு அதிகாரம் முந்தி, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைச் சொல்கிறார். அப்பாவோடு மேசையில் உட்காருங்கள். சோதனையில் எழுதி வைத்த எண்களைக் காட்டுங்கள். சாதகமில்லாத வரியையும் வாசித்துச் சொல்லுங்கள். எண்கள் உங்கள் பக்கம் இருந்தால் பெற்றோரே, அதை வீண் ஆசை என்று தள்ளாதீர்கள். ஒழுங்காகக் கணக்குப் பார்த்துக் கேட்ட பிள்ளைக்குச் செவிகொடுங்கள்.

கற்றுக்கொண்டதை வீட்டோடு நிறுத்தவும் வேண்டாம். நம் சபையில் தனியே வாழும் மூத்தோர் உண்டு. ஞாயிறு ஆராதனையைத் திரையில் பார்ப்பதற்கும் பேரப்பிள்ளைகளோடு கதைப்பதற்கும் மட்டும் இணையம் வைத்திருக்கிறவர்கள், யாரோ விற்றுவிட்டுப் போன பெரிய திட்டத்துக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். அடுத்த தடவை அவர்களைச் சந்திக்கும்போது, அனுமதி கேட்டு, அந்தப் பில்லை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.