நெடுஞ்சாலையில் கத்தும் பழைய கார்: பின் அச்சுக்குள் ஒரு எண்

டெக்சாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒரு 1967 ஃபோர்ட் மஸ்டாங் வாங்கினான். 289 இன்ஜின், சி4 ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். ஊருக்குள் ஓட்டும்போது ஜம்மென்று போகிறதாம். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தைத் தொட்டால் மட்டும் இன்ஜின் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை. "கார்புரேட்டரா, சைலன்சரா? எதைடா பார்க்கணும்?" என்று கேட்டான். இரண்டிலும் கோளாறு இல்லை. விஷயம் பின் அச்சுக்குள் இருக்கும் ஒரு எண்ணில் இருந்தது.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. பினியனில் ஒரே ஒரு பல் கூடி 11 ஆனால் 3.73. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண். எண் பெரிதானால் இழுவை அதிகம், அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றும் அதிகம். சிறிதானால் இரண்டும் குறையும். சைக்கிளில் மேடு ஏறும் கியரையும் சமதளத்தில் பறக்கும் கியரையும் நினைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் காரில் என்ன விகிதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மஸ்டாங்கின் கதவிலுள்ள தகட்டில் அச்சுக்கான குறியீடு இருக்கும். ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் யார் எதை மாற்றினார்களோ! எண்ணிப் பார்ப்பதுதான் நம்பகம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஏன் இரண்டு? சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தரையில் நின்றுவிட்டால், மற்றது இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று முடிக்கும். லிமிடெட் ஸ்லிப் வகைக்கு இந்த வழி சரிவராது.

நண்பன் எண்ணிப் பார்த்தான். மூன்றரை. அதாவது 3.50.

இனி கணக்கு. அவன் டயர் 205/70 ஆர் 14. அதன் விட்டம் சுமார் 64.3 செ.மீ., சுற்றளவு 2.02 மீட்டர். 70 மைல் என்பது மணிக்கு 112.65 கி.மீ., நிமிடத்துக்கு 1,878 மீட்டர். ஆக, சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 930 முறை சுற்றும். சி4-இன் கடைசி கியர் 1.00, அதனால் சக்கரச் சுற்றை அச்சு விகிதத்தால் பெருக்கினால் இன்ஜின் சுற்று கிடைத்துவிடும்:

3.50 என்றால் 3,250
3.25 என்றால் 3,020
3.00 என்றால் 2,790
2.80 என்றால் 2,600

ஆட்டோமேடிக்கில் டார்க் கன்வர்ட்டர் கொஞ்சம் வழுக்குவதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் கூடும்.

இதைப் பார்த்ததும், "2.80 போட்டுடு, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டேன். மென்பொருள்காரன் புத்தி. ஒரே ஒரு டெஸ்ட் கேஸில் பாஸானதும் வேலை முடிந்ததாக நினைப்பு. ராத்திரி உட்கார்ந்து மற்ற கியர்களையும் போட்டுப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது.

அச்சு விகிதத்தை மாற்றினால் கடைசி கியர் மட்டும் மாறாது, எல்லா கியரும் சேர்ந்து மாறும். சி4-இன் முதல் கியர் 2.46. அதை 3.50-ஆல் பெருக்கினால் 8.61. 2.80-ஆல் பெருக்கினால் 6.89. சிக்னலில் கிளம்பும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. மேட்டிலும் அதே கதைதான். 55 மைலில் ஏறும்போது கடைசி கியரில் இழுவை போதாமல் கார் இரண்டாவது கியருக்கு இறங்கும். அங்கே விகிதம் 1.46, இன்ஜின் சுற்று கிட்டத்தட்ட 3,000. எந்தச் சத்தத்துக்குப் பயந்து மாற்றினோமோ, அது மேட்டுக்கு மேடு திரும்பி வரும்.

கடைசி கியரை மட்டும் மாற்ற வழி இல்லையா? இருக்கிறது, அதுதான் ஓவர்டிரைவ். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் கட்டாயமானது. 1980-இல் ஃபோர்ட் கொண்டுவந்த ஏஓடி கியர்பாக்ஸில் நாலாவது கியர் 0.67. 3.50 அச்சை அப்படியே வைத்து இதைப் போட்டால் 70 மைலில் சுமார் 2,180 சுற்றுதான். முதல் கியர் 2.40, கிளம்பும் இழுவை 8.40. பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் செலவு அதிகம். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஷாஃப்ட், கியர் லீவர் இணைப்பு எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். த்ராட்டில் கேபிளைச் சரியாக அமைக்காவிட்டால் கியர்பாக்ஸே கருகிப்போகும். ஏற்கெனவே 2.80 அச்சு உள்ள காரில் ஏஓடி போடுவதும் வம்பு. 70 மைலில் 1,750 சுற்றுக்கு இறங்கிவிடும். 289-இன் அதிகபட்ச டார்க் 2,400 சுற்றில்தான் வருகிறது. லேசான மேட்டில்கூட இன்ஜின் திணறும்.

அதனால் நான் கற்றுக்கொண்ட வரிசை இது. முதலில் நீங்கள் அதிகம் ஓட்டும் வேகம். அடுத்து டயர். பிறகு கடைசி கியர். அந்த வேகத்தில் இன்ஜின் எத்தனை சுற்றில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சக்கரச் சுற்றாலும் கடைசி கியர் எண்ணாலும் வகுத்தால் அச்சு விகிதம் வந்துவிடும். 2,800-ஐ 930-ஆல் வகுத்தால் 3.01. கடைசியாக முதல் கியரால் பெருக்கி, கிளம்பும் இழுவை போதுமா என்று பாருங்கள். அச்சு விகிதம் இந்தக் கணக்கின் விடை. நான் அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

நண்பனுக்கு ஓவர்டிரைவ் பட்ஜெட் இல்லை. 3.00 போட்டான். கிளம்பும் இழுவை 7.38. கொஞ்சம் சோம்பல்தான், பழகிவிட்டது என்கிறான். அவன் காரில் இருப்பது ஃபோர்டின் 8 அங்குல அச்சு. டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாக ஒரே உருப்படியாகக் கழற்றலாம், அதனால் மாற்றுவது சுலபம்.

ஒன்றை மட்டும் நாங்கள் இரண்டு பேருமே மறந்தோம். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வருகிறது. அது ஷாஃப்ட் சுற்றைத்தான் எண்ணும், பின்னால் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. வேலை செய்த கடையும் சொல்லவில்லை. முள் 60 காட்டியபோது கார் உண்மையில் 70-இல் போயிருக்கிறது. நிறுத்திய போலீஸ்காரரிடம் 3.50-ஐ 3.00-ஆல் வகுத்துக் காட்டவா முடியும்? அபராதம் கட்டினான். ஸ்பீடோமீட்டர் கேபிள் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கியரை, புது விகிதத்துக்கு ஏற்ற பல் எண்ணிக்கையில் மாற்றினால் சரியாகிவிடும். அபராதத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கழற்றிய 3.50-ஐ விற்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்றைக்காவது ஏஓடி வாங்கினால் அதுதான் வேண்டியிருக்கும்.