முகத்தை மாற்றிப் படிக்கும் மனம்

புதுதில்லி: எதிரே நிற்பவரின் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. ஆயினும், அவர் தன்னை வெறுப்புடன் முறைப்பதாகவே அந்த இளைஞருக்குத் தோன்றுகிறது. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்கள் முழுமையாக வெளிப்படுவதற்கு முன்பே, பிறர் முகங்களைப் புரிந்துகொள்வதில் இத்தகைய தடுமாற்றம் ஏற்படக்கூடும் என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன.

இது கண்ணின் குறை அல்ல. கண், மூக்கு, வாய் எனப் பிரித்துப் பாராமல், முகத்தை ஒரே வடிவமாகக் கணப்பொழுதில் உணர்வது மூளையின் இயல்பு. நோய் வரும் அபாயம் உள்ளவர்களில் பலரிடம் இத்திறன் குன்றியிருக்கிறது. பயத்தையும் துயரத்தையும் அவர்கள் தவறாக அறிகின்றனர். உணர்ச்சியற்ற முகத்தையும் அச்சுறுத்தலாகக் கொள்கின்றனர்.

இதனைச் சோதிக்க, அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட புகைப்படங்களே பல நாடுகளிலும் பயன்பட்டு வந்தன. அயல்நாட்டு முகங்களைக் கொண்டு இந்தியரின் திறனை எடைபோடுவது முறையாகாது என்பதால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இந்திய நடிகர்களின் படங்களையும் விடியோ காட்சிகளையும் கொண்ட "டிரெண்ட்ஸ்" என்ற சோதனை முறையை உருவாக்கி, 2008-இல் வெளியிட்டனர்.

எனினும், ஆய்வுக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் குறையவில்லை. 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, தீவிர மனநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. மனநோய்த் தடுப்புக்கான திட்டங்களை வகுத்துச் செயல்படுத்துவது அரசின் கடமை என 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு கூறுகிறது. நோய் முற்றிய பின்னரும் மருத்துவரைக் காண இயலாதோர் இத்தனை பேர் இருக்கையில், முன்கூட்டியே கண்டறிவது ஏட்டளவிலேயே நிற்கிறது.

அதேவேளையில், எச்சரிக்கையும் தேவை. அபாயம் உள்ளவர்களாகக் கருதப்படுவோரில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தீவிர மனநோய் வருவதில்லை. மனச்சோர்வு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் முகங்களை அறிவதில் சிரமம் உண்டு. எனவே, இச்சோதனையை மட்டும் வைத்து ஒருவருக்கு நோயாளி என்று முத்திரை குத்தினால், அவரது படிப்பும் வேலையும் திருமணமும் பாதிக்கப்படும்.

காரணமற்ற சந்தேகம், தூக்கமின்மை, படிப்பில் திடீர்ச் சரிவு, வீட்டாரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவ ஆலோசனை பெறுவது நல்லது. இதற்கென 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" சேவையின் இலவச எண் 14416. தொலைபேசியில் பெறும் ஆலோசனைக்குப் பின் நேரில் சென்று பார்க்க, அருகிலேயே ஒரு மருத்துவர் இருக்கவேண்டும். அதனை உறுதிசெய்வது மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பாகும்.