ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்? கென்யா, தான்சானியா பயணப் பரிசுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

கிழக்கு ஆப்பிரிக்கா பயணம்னாலே சஃபாரி, கடற்கரை, விசா, செலவு இதைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவோம். திரும்பி வரும்போது பெட்டியில் என்ன இருக்கணும்னு யாரும் பேசறதில்லை. டிசம்பர் லீவு, கிறிஸ்துமஸ், அடுத்து பொங்கல்னு பரிசு கொடுக்கிற காலம் வரிசையா வருது. வீட்டில் எட்டுப் பேர், ஆபீஸில் பத்துப் பேர்னு ஒரு பட்டியல் கையில் இருக்கும். கடைசி நாள் ஏர்போர்ட் கடையில் கிடைச்சதை அள்ளிட்டு வந்தா, காசும் போகும், கொடுத்த பொருளும் யார் வீட்டிலாவது மூலையில் கிடக்கும். அதனால் இன்னைக்கு கென்யா, தான்சானியா ரெண்டு நாட்டை மட்டும் எடுத்துப் பேசலாம். ஆப்பிரிக்கா 54 நாடுகள் உள்ள கண்டம். மொத்தமா "ஆப்பிரிக்கப் பொருள்"னு ஒண்ணு கிடையாது.

நினைவுப் பொருள் வேற, பரிசு வேற

மசாய் மாராவில் யானையைப் பக்கத்தில் பார்த்த உங்களுக்கு ஒரு சின்ன மர யானை போதும். அதைப் பார்த்ததும் அந்தக் காலை நேரம் ஞாபகம் வரும். அதே யானையை உங்க சித்திக்குக் கொடுத்தா, அவங்க ஷோகேஸில் அது ஏழாவது யானை. ஏன்னா அந்த ஞாபகம் உங்களோடது, அவங்களோடது இல்லை. நினைவுப் பொருளை உங்களுக்காக வாங்குங்க. பரிசு வாங்கும்போது நான் மூணு கேள்வி கேட்டுக்குவேன்.

ஒண்ணு, வாங்கிக்கிறவங்க இதை வச்சு என்ன செய்வாங்க? ரெண்டு, இது எந்த ஊர்ப் பொருள், யார் செய்யறாங்கன்னு என்னால் ஒரு வரியில் சொல்ல முடியுமா? மூணு, கஸ்டம்ஸில் எடுத்துக் காட்டச் சொன்னா தைரியமா காட்ட முடியுமா?

நைரோபியின் மசாய் மார்க்கெட்டில் வரிசையா தொங்கும் முகமூடிகளை எடுத்துக்குங்க. அழகாத்தான் இருக்கும். ஆனா அதில் பலதும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாணியில் செஞ்சது. முகமூடி செதுக்கறது கென்யாவின் பெரும்பாலான சமூகங்களுக்கு மரபே இல்லை. தான்சானியாவின் தெற்கிலும் மொசாம்பிக்கிலும் வாழும் மகொண்டே மக்களுக்கு அந்த மரபு உண்டு. நைரோபியில் முகமூடி வாங்கினா ரெண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. முதல் கேள்விக்கும் நம்ம ஊரில் ஒரே பதில்தான்: மொட்டை மாடியில் திருஷ்டி பொம்மைக்குத் துணையா ஏறிடும்.

பேசும் துணி: காங்கா

என் பட்டியலில் முதல் இடம் காங்காவுக்குத்தான். கடற்கரைப் பகுதிகளில் பெண்கள் இடுப்பிலும் தோளிலும் கட்டற பருத்தித் துணி இது. கென்யாவில் இதையே லேசோன்னும் சொல்வாங்க. கைக்குட்டைக்கான போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்த பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட கைக்குட்டைத் துணிகளைச் சேர்த்துத் தைச்சு உடுத்தினதில் இருந்து இந்த உடை பிறந்ததா சொல்றாங்க. காங்கான்னா சுவாஹிலியில் கினிக்கோழி. ஆரம்பக் காலத் துணிகளில் இருந்த புள்ளிகள் அந்தக் கோழியின் இறகு மாதிரி இருந்ததால் அந்தப் பேர்னு ஒரு கதை உண்டு.

ஒரு காங்காவில் மூணு பகுதி. சுத்தி ஓடும் கரை, நடுவில் இருக்கும் படம், அதுக்குக் கீழே ஒரு வரி வாசகம். பழமொழி, வாழ்த்து, புத்திமதி, சில சமயம் குத்தல். அந்த வரிதான் காங்காவுக்கு உயிர். வாயால் சொல்ல முடியாததைப் பக்கத்து வீட்டுக்காரிக்கோ புருஷனுக்கோ காங்கா கட்டியே சொல்லிடறது அங்கே நடக்கிற விஷயம்.

அதனால் கலரை மட்டும் பார்த்து எடுத்துடாதீங்க. "ஹாசிதி ஹானா சபாபு"ன்னு ஒரு வாசகம் உண்டு. பொறாமைக்காரருக்குக் காரணம் வேண்டாம்னு அர்த்தம். இதைப் போய் நாத்தனாருக்குக் கொடுத்தீங்கன்னா, அர்த்தம் தெரியாத வரைக்கும்தான் நிம்மதி. இந்தக் காலத்தில் போனைக் காட்டினா போதும், ஒரு நிமிஷத்தில் மொழிபெயர்த்துடும். கடைக்காரரையே கேளுங்க, சிரிச்சுட்டே விளக்குவார்.

அம்மாவுக்குன்னா "நானி காமா மாமா". அம்மாவைப் போல யார் உண்டுன்னு அர்த்தம். சுவாஹிலியில் மாமான்னா அம்மா. நம்ம மாமா கோவிச்சுக்கக் கூடாது. எப்பவும் அவசரப்படற நண்பருக்கு "ஹராக்கா ஹராக்கா ஹாய்னா பராக்கா". அவசரத்தில் ஆசி இல்லைன்னு சொல்ற பழமொழி. நம்ம "பதறாத காரியம் சிதறாது"தான் அங்கே இப்படி இருக்கு.

காங்கா ஒரே துணியில் ஜோடியா அச்சாகி வரும். மொம்பாசாவில் பியாஷாரா தெருன்னு ஒரு துணிக்கடை வீதி இருக்கு. வாங்கின கையோட வெட்டி ஓரம் அடிச்சு வாங்கிக்கலாம். ஒரு துணி சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். உடையாது, கனக்காது, மடிச்சா பெட்டியில் இடமே பிடிக்காது. மேஜை விரிப்பாகவும் போடலாம், குழந்தைக்குத் தூளியாகவும் கட்டலாம்.

ஓரத்தில் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது"ன்னு இருந்தா ஏமாந்துட்டதா நினைக்காதீங்க. காங்கா வியாபாரத்தில் இந்திய வணிகர்கள் பல தலைமுறையா இருக்காங்க. அங்கத்துச் சந்தைக்காக இந்தியாவில் துணி அச்சடிக்கறதும் பழைய வழக்கம்தான். உள்ளூரில் அச்சானதுதான் வேணும்னா கேட்டு வாங்குங்க.

பாட்டிக்கு ஒரு பாவோ பலகை

நம்ம பல்லாங்குழிக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய அக்கா உண்டு. பேர் பாவோ. நம்மது ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. பாவோ நாலு வரிசை, வரிசைக்கு எட்டு. மொத்தம் 32 குழி, 64 காய். சான்சிபாரில் பெரியவங்க திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கா ஆடறதைப் பார்க்கலாம். வீட்டில் பல்லாங்குழி ஆடத் தெரிஞ்சவங்க இருந்தா, இதைவிடச் சரியான பரிசு எனக்குத் தோணலை. பலகையைக் கொடுத்த அஞ்சாவது நிமிஷம் விதிமுறை பத்திச் சண்டை ஆரம்பிச்சுடும்.

சுற்றுலாக் கடைகளில் எளிமையாக்கின ரெண்டு வரிசைப் பலகையும் விக்கறாங்க. அசல் வேணும்னா குழிகளை எண்ணிப் பாருங்க. காய்க்கு அங்கே கழற்சிக்காய் விதை வைப்பாங்க. ஆமா, நம்ம கழற்சிக்காயேதான். ஆனா விதையை விமானத்தில் கொண்டு வந்தா தாவரச் சோதனையில் நிறுத்தலாம். அதை அங்கேயே விட்டுட்டு வாங்க. நம்ம வீட்டுப் புளியங்கொட்டையோ சோழியோ போதும்.

மரமும் கல்லும் நாரும்

மரச் சிற்பம் வாங்கறதில் கொஞ்சம் கவனம் வேணும். "எபனி, எபனி"ன்னு கூவி விக்கற கறுப்பு மரம் அசலா இருந்தா, அது பெரும்பாலும் ம்பிங்கோ. கிளாரினெட், ஓபோ மாதிரி வாத்தியங்கள் செய்யற மரம். மெதுவா வளர்ற மரம், வெட்டினது அதிகம். அது சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுசும் 2017 ஜனவரியில் இருந்து அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கு. நம்ம ஈட்டி மரமும் அதே இனம்தான். பெரிய சிற்பமா வாங்கினா ரசீதும் ஆவணமும் கேளுங்க.

போலியும் நிறைய. சாதா மரத்துக்கு ஷூ பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கி வச்சிருப்பாங்க. ஈர வெள்ளைத் துணியால் அடிப்பக்கம் தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டும். அசல் ம்பிங்கோ கையில் எடுத்தாலே கனக்கும், தண்ணியில் போட்டா மூழ்கிடும்.

என் யோசனை, கறுப்பு மரத்தை விட்டுடுங்க. மாமரம், ஜகரண்டா, வேம்பு இதில் செஞ்சதைக் கேளுங்க. காட்டு மரங்கள் குறைஞ்சதும் கென்யாச் சிற்பிகள் பலர் இந்த மரங்களுக்கு மாறினாங்க. வேம்பு நம்ம பக்கத்தில் இருந்து போன மரம். அங்கே அதுக்கு முவரோபாய்னின்னு பேர். சுவாஹிலியில் அரோபாய்னின்னா நாற்பது. நாற்பது நோய் தீர்க்கற மரமாம். வேப்ப மரச் சாலட் கரண்டி ஒரு ஜோடி கொடுத்து இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க. மொம்பாசாவின் சங்கம்வேயில் கம்பா சிற்பிகளின் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. செதுக்கறதை நேரில் பார்த்துட்டே வாங்கலாம், காசு செய்யறவங்க கைக்கே கிட்டத்தட்ட நேராப் போகும்.

கல் சாமான்னா கீசிக் கல். மேற்குக் கென்யாவில் தபாக்கான்னு ஒரு ஊர், அங்கத்துக் குவாரியில் எடுக்கற மிருதுவான கல். நம்ம கல்சட்டி செய்யற மாக்கல் குடும்பம்தான். செதுக்கறது பெரும்பாலும் ஆண்கள், தண்ணி விட்டுத் தேய்ச்சு வழவழப்பாக்கறது பெண்கள். சோப்புத் தட்டு, சின்னக் கிண்ணம், செஸ் செட் எல்லாம் கிடைக்கும். பெயின்ட் அடிச்ச கிண்ணத்தில் சாப்பாடு வைக்காதீங்க, சாவி போட்டு வைக்கலாம். கல் உடையும், எடையும் அதிகம். ரெண்டு பேருக்கு வாங்கினா போதும், இருபது பேருக்கு வேண்டாம்.

கூடைன்னா கியோண்டோ. கம்பா, கிக்குயூ பெண்கள் கற்றாழை நாரைத் திரிச்சுப் பின்னற பை. காய்கறி வாங்கப் போற அத்தைக்கு ரொம்ப நாள் உழைக்கும். அடிப்பாகத்தின் நடுவைத் திருப்பிப் பாருங்க. கையால் பின்னினதில் பின்னல் நடுவில் ஆரம்பிச்சு வட்டமா விரிஞ்சு போகும், இழைகள் அங்கங்கே கொஞ்சம் ஏற இறங்க இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் குறை இல்லை.

சாப்பிடற சாமான்

ஆபீஸ் பட்டியலுக்கு டீ, காபி சுலபமான வழி. ஆனா ஆள் பார்த்துக் கொடுங்க. பாக்கெட்டில் இருக்கும் "ஏஏ" கொட்டையின் அளவைக் குறிக்கிற தரம், ருசிக்கான மார்க் இல்லை. கென்யா காபியில் பழப் புளிப்பு தூக்கலா இருக்கும். சிக்கரி போட்ட டிகாக்ஷனும் கெட்டிப் பாலும் பழகின அப்பாவுக்கு "என்னடா புளிக்குது"ன்னு தோணும். பால் இல்லாம குடிக்கற நண்பருக்கு அது விருந்து. கென்யா டீ அப்படி இல்லை. பெரும்பாலும் நம்ம ஊர் டீ மாதிரியே குருணைத் தூள். பால் ஊத்திக் கொதிக்க வச்சா நல்ல நிறம் வரும். அதை யாருக்கும் கொடுக்கலாம்.

சான்சிபார் கிராம்பு வாசனையாத்தான் இருக்கும். ஆனா தான்சானியாக் கிராம்பு இந்தியாவுக்கு ஏற்கெனவே இறக்குமதி ஆகுது. உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியில் அது இப்பவே இருந்தாலும் இருக்கும்.

தொடவே கூடாதவை

தந்தம், ஆமை ஓடு, பவளம், யானை முடி வளையல், விலங்குத் தோல், பல், நகம். யார் என்ன சொன்னாலும் வாங்காதீங்க. தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்யற முடிவு 1989இல் வந்தது. அதே வருஷம் கென்யா தன் கையில் இருந்த 12 டன் தந்தத்தை எரிச்சது. 2016இல் மறுபடியும் 105 டன். விக்க வேண்டாம்னு கொளுத்தின நாட்டில் இருந்து, "பழசுதான் சார், சின்னதுதான் சார்"னு ஒருத்தர் கொடுக்கறதைப் பைக்குள் வச்சா அங்கேயும் குற்றம், இந்தியாவிலும் குற்றம். ஒட்டக எலும்பு, மாட்டு எலும்பு நகைகள் பார்க்கத் தந்தம் மாதிரியே இருக்கும். விமானத்துக்கு நேரமாகும்போது அதிகாரிகிட்ட வித்தியாசத்தை நிரூபிச்சுட்டு நிக்கணும். அதையும் தவிர்த்துடுங்க.

இன்னொண்ணு, பாலிதீன் கவர். நாம எல்லாத்தையும் கவரில் சுத்தித்தான் பழக்கம். கென்யாவில் 2017 ஆகஸ்ட்டில் இருந்தும், தான்சானியாவில் 2019 ஜூனில் இருந்தும் பிளாஸ்டிக் கேரி பைகளுக்குத் தடை. கென்யாவில் சிறை வரைக்கும் போகற சட்டம் அது. கல் கிண்ணத்தைப் பழைய பேப்பரில் சுத்துங்க. அதைவிட நல்லது, வாங்கின காங்காவிலேயே சுத்துங்க.

பேரமும் ஒரு துண்டுச் சீட்டும்

சந்தையில் பேரம் உண்டு. ஆனா முதல் வார்த்தை விலையா இருக்கக் கூடாது. "ஹபாரி"ன்னு நலம் விசாரிங்க. அப்புறம் "பெய் கானி", என்ன விலை. அதுக்கப்புறம் "புங்குசா", கொஞ்சம் குறைங்க. ரெண்டு மூணு கடையில் விலை கேட்டுட்டு, உங்களுக்கு நியாயம்னு படற இடத்தில் நிறுத்திக்குங்க. ஒரு கூடை பின்ன எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க. பதில் தெரிஞ்ச பிறகு எவ்வளவு குறைக்கச் சொல்றதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கடைசியா ஒரு வேலை. வாங்கின அன்னைக்கு ராத்திரியே, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைங்க. என்ன பொருள், எந்த ஊர், யார் செய்யறது, காங்கான்னா வாசகமும் அர்த்தமும். மூணு வரி போதும். ஊருக்கு வந்த பிறகு எழுதலாம்னு விட்டா எது எந்த ஊர்ன்னு குழம்பிடும். பரிசை வாங்கிக்கிறவங்க நாளைக்கு வேற ஒருத்தருக்கு அதைக் காட்டும்போது, "ஏதோ ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது"ன்னு சொல்லாம, "இது தபாக்காக் கல்"னு சொல்வாங்க. அதைச் செஞ்சவங்களுக்கு அந்த மரியாதையாவது போய்ச் சேரட்டும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க பட்டியலில் யாருக்கு எது பொருந்துதுன்னு யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.